தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் பிறருக்கான மன்றாட்டு: பெயர் சொல்லும் வழக்கமும் அதன் நீடித்த விளைவும்

ஆய்வுச் சுருக்கம்

பிறருக்காக வேண்டுதல் என்பது கிறித்தவ ஆய்வுகளில் பெரும்பாலும் இறையியல் கோட்பாடாகவே அணுகப்படுகிறது. ஆனால் அவ்வேண்டுதல் நாள்தோறும் நிகழும் இடம் ஆலயம் அன்று, வீடு. தமிழ்க் கிறித்தவக் குடும்பங்களில் மாலை வேளையில் உறவினர் பெயர்களை உரக்கச் சொல்லி மன்றாடும் வழக்கம், அக்குடும்பத்தின் உறவையும் நினைவையும் எவ்வாறு உருவாக்குகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கேட்டது கிடைத்ததா என்பதைக் காட்டிலும், யாருடைய பெயர் சொல்லப்பட்டது, அதை யார் கேட்டனர் என்பதிலேயே இவ்வழக்கத்தின் நீடித்த விளைவு தங்கியுள்ளது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

திறவுச்சொற்கள்: மன்றாட்டு, பரிந்துரை, குடும்ப ஜெபம், செபமாலை, முத்துக்குளித்துறை, மோனிக்கா, பெயர் சொல்லல்.

முன்னுரை

பிறர் நலம் வேண்டுதல் தமிழுக்குக் கிறித்தவம் கொண்டுவந்த புதுமை அன்று. ஐங்குறுநூற்றின் முதற்பத்தாகிய ‘வேட்கைப் பத்து’ முழுவதும் வேண்டுதலால் ஆனது. தலைவன் பிரிந்திருந்த காலத்தில் தலைவி நாட்டின் விளைச்சலையும் மன்னனின் நலத்தையும் வேண்டியதாகவும், தோழியோ தலைவன் தலைவியரின் வாழ்வை வேண்டியதாகவும் அப்பாடல்கள் அமைந்துள்ளன. தன் துயரத்தின் நடுவில் நின்றும் தலைவி ஊருக்காக வேண்டுகிறாள். அவளுக்காக வேண்ட இன்னொருத்தி இருக்கிறாள். கோயில்களில் பிள்ளைக்காகத் தாய் ஏற்கும் நேர்த்திக்கடனும் இம்மனநிலையின் தொடர்ச்சியே.

கிறித்தவம் இம்மண்ணில் வேரூன்றியபோது இதனோடு வேறொன்று சேர்ந்தது. வேண்டுதல் ஒரு நாளின், ஒரு நோயின், ஒரு விழாவின் நிகழ்வாக இல்லாமல் நாள்தோறும் வீட்டில் நடைபெறும் ஒழுங்காயிற்று. குடும்பத்தார் அனைவரும் கேட்கும்படி பெயர்களை வரிசையாகச் சொல்வது அவ்வொழுங்கின் மையமாயிற்று. இவ்வழக்கத்தின் சொற்கள், வரலாறு, விளைவுகள் ஆகியவற்றோடு, பெரிதும் பேசப்படாத அதன் இடர்ப்பாடுகளும் இங்கு நோக்கப்படுகின்றன.

சொற்கள்

கிறித்தவத் தமிழில் இச்செயலைக் குறிக்க ஒரு சொல் போதவில்லை. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 2ஆம் அதிகாரம் எல்லா மனிதருக்காகவும் செய்யவேண்டிய வேண்டுதலை நான்கு சொற்களால் குறிக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு அவற்றை விண்ணப்பம், ஜெபம், வேண்டுதல், ஸ்தோத்திரம் எனத் தருகிறது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு மன்றாடுதல், பரிந்து பேசுதல் முதலிய தமிழ் வினைகளை ஆள்கிறது.

இவற்றுள் மூன்றாவதாக வரும் கிரேக்கச் சொல்லான ‘என்டூக்ஸிஸ்’, மன்னரிடமோ அதிகாரியிடமோ அளிக்கும் மனுவையும் குறித்த சொல்லாகும். எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் குடிமக்கள் அரசனுக்கு எழுதிய மனுக்கள் இப்பெயரால் வழங்குகின்றன. ‘மன்றாட்டு’ என்னும் தமிழ்ச்சொல்லிலும் ‘மன்று’ இருக்கிறது. பலர் கூடிய அவையில் நின்று முறையிடுபவரின் சாயல் அதில் புலப்படுகிறது. ‘பரிந்துரை’ வேறு திசையிலிருந்து வருகிறது. பரிவு என்பது அன்பு, இரக்கம். முன்னதில் வழக்கும் பின்னதில் நெஞ்சும் முதன்மை பெறுகின்றன. வீட்டில் நிகழும் வேண்டுதலுக்கு இவ்விரண்டும் பொருந்தும்.

‘ஜெபம்’ என்னும் சொல்லின் பயணம் இன்னும் சுவையானது. வடமொழியில் ‘ஜப’ என்பது மந்திரத்தை மெல்லிய குரலில் திரும்பத் திரும்ப உச்சரித்தல். கத்தோலிக்கர் வழக்கில் ‘செபமாலை’ அத்திரும்பச் சொல்லலை அப்படியே காத்துவருகிறது. சீர்திருத்தத் திருச்சபையினரோ அதே சொல்லை, அன்றன்றைய தேவைக்கேற்ப மனத்தில் எழும் சொற்களால் பேசுதல் என்னும் ஏறத்தாழ எதிரான பொருளில் வழங்கினர். ஜெபராஜ், ஜெபசிங், ஜெபமணி, செபமாலை எனச் சொல் ஆட்பெயராகவும் மாறியது. வேண்டிப் பெற்ற பிள்ளைக்கு வேண்டுதலையே பெயராக இடும் வழக்கம், அச்சொல் வீட்டுக்குள் எவ்வளவு ஆழமாகச் சென்றது என்பதற்குச் சான்று.

இலக்கண நோக்கில் இன்னொன்றும் கருதத்தக்கது. நான்காம் வேற்றுமையாகிய ‘கு’ உருபுக்கு நன்னூல் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை முதலிய பொருள்களைக் கூறும். ‘அவனுக்காக’ என்பதிலுள்ள ‘பொருட்டு’ப் பொருளும், ‘அவனுக்கு மகன்’ என்பதிலுள்ள ‘முறை’ப் பொருளும் ஓர் உருபின்கண் அடங்குகின்றன. ஒருவருக்காக வேண்டுதலும் ஒருவருக்கு உறவாதலும் தமிழில் ஒரே உருபால் சொல்லப்படுகின்றன என்பது தற்செயலே எனினும், கட்டுரைப் பொருளுக்கு மிக அணுக்கமான தற்செயல்.

விவிலியத்தில் குடும்ப மன்றாட்டு

ஆபிரகாம் சோதோமுக்காகவும், மோசே மக்களுக்காகவும் மன்றாடிய நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. சீர்திருத்தத் திருச்சபையினரின் பேச்சு வழக்கில் உள்ள ‘திறப்பில் நிற்றல்’ என்னும் தொடர், மோசேயைப் பற்றிய 106ஆம் சங்கீதத்திலிருந்தும் எசேக்கியேல் நூலிலிருந்தும் பிறந்தது. இடிந்த மதிலின் இடைவெளியில் ஊருக்காக நிற்பவரை அது குறிக்கும். எனினும் குடும்பத்துக்கு நெருங்கிய சான்றுகள் வேறு இடங்களில் உள்ளன.

யோபு நூலின் முதல் அதிகாரத்தில், தம் பிள்ளைகள் விருந்துண்ட நாள்கள் முடிந்ததும் யோபு அதிகாலையில் எழுந்து அவர்களது எண்ணிக்கைக்கு ஏற்பப் பலி செலுத்துகிறார். அவர்கள் ஒருவேளை மனத்துக்குள் பிழைத்திருக்கலாம் என்னும் ஐயமே காரணம். தலைக்கொன்றாக எண்ணிச் செய்யும் இச்செயல் குடும்ப மன்றாட்டின் பழைய வடிவங்களுள் ஒன்று. அதே அதிகாரத்தில் அப்பிள்ளைகள் அனைவரும் வீடு இடிந்து இறக்கின்றனர். தந்தையின் வேண்டுதல் அவர்களைக் காக்கவில்லை. நூலின் இறுதியில் யோபுவின் நிலை மாறுவது, தம்மைக் குற்றஞ்சாட்டிய நண்பர்களுக்காக அவர் வேண்டும்போதுதான். வேண்டுதலுக்கும் பலனுக்கும் நேர்க்கணக்கு இல்லை என்பதை இந்நூல் அளவுக்கு வெளிப்படையாகச் சொல்லும் பகுதி விவிலியத்தில் அரிது. வீட்டுப் பிரசங்கங்களில் இறுதி அதிகாரம் விரிவாக எடுத்துரைக்கப்படும் அளவுக்கு முதல் அதிகாரம் எடுத்துரைக்கப்படுவதில்லை.

அன்னாள் தனக்குப் பிள்ளை வேண்டி ஓசையின்றி உதடசைத்து மன்றாடுகிறாள். குருவாகிய ஏலி அவளைக் குடித்திருப்பவளாகக் கருதுகிறார். பெற்ற பிள்ளையை அவள் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை, ஆலயத்தில் விடுகிறாள். அப்பிள்ளையாகிய சாமுவேல் முதுமையில் மக்களைப் பார்த்து, அவர்களுக்காக வேண்டுவதை நிறுத்துவது தாம் கடவுளுக்கு எதிராகச் செய்யும் பாவமாகும் என்கிறார். வேண்டப்பட்டவன் வேண்டுபவனாகிறான். தலைமுறை கடந்து செல்லும் விளைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டுத் தேவையில்லை.

தமிழகத்தில் இக்கதை பெயர்களின் வழியே வாழ்கிறது. திருநெல்வேலிப் பகுதியின் வெள்ளாளன்விளையில் 1874இல் ஓர் ஆங்கிலிக்கன் குருவின் வீட்டில், மூத்த மகள் பிறந்து 13 ஆண்டுகள் கழித்து ஆண் குழந்தை பிறந்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியா என அறியப்பட்ட அவர், 1903இல் தொடங்கப்பெற்ற இந்திய மிஷனரி சங்கத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1912 டிசம்பர் 29இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். நெடுநாள் காத்திருந்து பெற்ற மகனுக்குச் சாமுவேல் என்னும் பெயர் அமைந்ததை விவிலியம் அறிந்த எந்தத் தமிழ்க் குடும்பமும் விளக்கமின்றியே புரிந்துகொள்ளும்.

முத்துக்குளித்துறையின் சிறுவர்

தமிழ் வீடுகளில் கிறித்தவ மன்றாட்டு நிகழ்ந்ததற்கான தொடக்ககாலச் சான்று பிரான்சிஸ் சவேரியாரின் மடலில் உள்ளது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர், 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து உரோமையிலுள்ள தம் சபையினருக்கு எழுதிய மடலில் தம் பணியை விரித்துரைக்கிறார். இருமொழி அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள் உழைத்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் பிறவற்றையும் தமிழாக்கி, தாமும் மனப்பாடம் செய்ததாகக் கூறுகிறார். கையில் மணியுடன் ஊரில் நடந்து சிறுவர்களைத் திரட்டிக் கற்பித்தார். தாம் கற்றவற்றை வீட்டில் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் கற்றுக்கொடுக்குமாறு அச்சிறுவர்களைப் பணித்தார்.

நோயாளிகளுக்காக வேண்ட வருமாறு அவரை அழைத்தோர் மிகப் பலர். எல்லா வீடுகளுக்கும் அவரால் செல்ல இயலவில்லை. எனவே செபங்களை அறிந்த சிறுவர்களை அவ்வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் அயலாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைச் சேர்ந்து சொல்லி, நோயுற்றவருக்கு நம்பிக்கையூட்டி மன்றாடினர்.

இச்செய்தி பெரும்பாலும் சவேரியாரின் ஆற்றலுக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகிறது. குடும்ப வரலாற்று நோக்கில் அது வேறொன்றைக் காட்டுகிறது. முத்துக்குளித்துறையின் வீடுகளில் நோயாளிக்காக முதன்முதலில் குரல் கொடுத்தவர்களில் குருவானவர்களைவிடக் குழந்தைகள் மிகுதி. பெரியவர் சொல்லச் சிறியவர் கேட்பது என்னும் வழக்கமான முறை அங்குத் தலைகீழாயிற்று. சிறுவன் சொன்னான், தந்தையும் தாயும் தொடர்ந்து சொன்னார்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ இச்செபங்களை நூல்வடிவில் நிலைநிறுத்தும் முன்பே, அவை நாவால் வீடு வீடாகச் சென்றுவிட்டன.

மாலை ஜெபம்

பிற்காலத்தில் இவ்வழக்கம் இருவேறு வடிவங்களில் நிலைபெற்றது. கத்தோலிக்க வீடுகளில் மாலைச் செபமாலையும், அதன் முடிவில் தங்களுக்காக வேண்டிக்கொள்ளுமாறு புனிதர்களை விளிக்கும் பிரார்த்தனைகளும் அமைந்தன. செபமாலைக்கு முன் ‘கருத்து’ சொல்லப்படும்: தேர்வெழுதும் பிள்ளைக்காக, கடலுக்குச் சென்றவர்களுக்காக, பேறுகாலத்தை நெருங்கிய மகளுக்காக. திரும்பத் திரும்ப வரும் செபங்களிடையே வேறுபடுவது அக்கருத்து மட்டுமே. அதனால்தான் அது மனத்தில் தங்குகிறது.

சீர்திருத்தத் திருச்சபையினர் வீடுகளில் ‘குடும்ப ஜெபம்’ என்பது பாமாலையோ கீர்த்தனையோ ஒன்று, வேதவாசிப்பு, பின்னர் முழங்காலில் நின்று ஜெபம், நிறைவாகப் பரமண்டல ஜெபம் என அமையும். இவ்வேண்டுதலுக்கு எழுதப்பட்ட பாடம் இல்லை எனினும், அதற்கென ஓர் ஒழுங்கு உண்டு. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்திலுள்ள லித்தானியா, ஆட்சியாளர், திருப்பணியாளர், நிலத்திலும் நீரிலும் பயணம் செய்வோர், பேறுகாலப் பெண்கள், நோயாளிகள், சிறு குழந்தைகள், சிறைப்பட்டோர், விதவைகள் என ஒரு வரிசையைத் தருகிறது. ஆங்கிலிக்கன் மரபில் வந்த தமிழ்க் குடும்பங்களில் மூத்தோரின் ஜெபங்கள் பெரும்பாலும் இதே வரிசையில் நகர்வதைக் காணலாம். படிக்கத் தெரியாத பாட்டியின் ஜெபத்திலும் ஆலய வழிபாட்டின் இலக்கணம் இருக்கும். வேறுபாடு ஒன்றே: லித்தானியா ‘பயணம் செய்வோர்’ எனப் பொதுவாகச் சொல்லும் இடத்தில், வீட்டு ஜெபம் ஆளின் பெயரையும் அவர் இருக்கும் ஊரையும் சொல்லும்.

ஊர்ப்பெயர் சேர்ந்தது இடப்பெயர்வின் விளைவு. இலங்கையின் தோட்டங்களுக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும், பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர்களின் பெயர்கள் மாலைதோறும் சொல்லப்பட்டன. மடல் வர மாதங்கள் ஆகும் காலத்தில், போனவர் குடும்பத்தின் பேச்சில் நாள்தோறும் இடம்பெற்றதற்கு இந்த ஜெபமே காரணம். அவர்கள் எழுதிய மடல்களும் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுமாறு கேட்டே முடிந்தன. அக்கோரிக்கையை வெறும் முடிப்புவாசகமாகக் கொள்ளுதல் தவறு. மாலையில் தன் பெயர் சொல்லப்படும் என்னும் உறுதியே பலருக்கு வீடு என்பதன் பொருளாக இருந்தது.

வீட்டில் பெண்ணின் குரலுக்கும் இவ்வழக்கம் இடம் தந்தது. ஆலயப் பீடத்தில் பெண் நிற்க முடியாதிருந்த நெடுங்காலத்தில், குடும்பம் முழுவதும் அமைதியாகக் கேட்க, கணவனின் கடனையும் மகனின் போக்கையும் மருமகளின் உடல்நிலையையும் தாய் தன் சொற்களில் எடுத்துரைத்த ஒரே களம் மாலை ஜெபம். மன்றில் நின்று முறையிடுதல் என்னும் பழம்பொருள் இங்கு முழுமையாகப் பொருந்துகிறது. வேறு வேளையில் அவள் சொல்லத் துணியாத செய்தியைக் கணவனும் குறுக்கிடாமல் கேட்க வேண்டியிருந்தது.

கேட்பவர்

மன்றாட்டைப் பற்றிய விளக்கங்கள் வேண்டுபவரையும் கடவுளையும் மட்டுமே கணக்கில் கொள்கின்றன. வீட்டில் மூன்றாமவர் ஒருவர் உண்டு: தன் பெயரைத் தன் காதால் கேட்பவர்.

லூக்கா நற்செய்தியின் 22ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவின் நம்பிக்கை தளராதிருக்கத் தாம் வேண்டியிருப்பதை அவரிடமே சொல்கிறார். அன்றிரவே பேதுரு மறுதலிக்கிறார். வேண்டுதல் அவரது வீழ்ச்சியைத் தடுக்கவில்லை. ஆயினும், வீழ்வதற்கு முன்பே தனக்காக வேண்டப்பட்டிருந்தது என்பதை அறிந்தவராக அவர் வீழ்கிறார். மனந்திரும்பியபின் பிறரை உறுதிப்படுத்த வேண்டும் என்னும் பணியையும் முன்பே பெற்றிருக்கிறார். மறைவில் வேண்டியிருந்தால் இந்த அறிவு அவருக்குக் கிடைத்திராது.

பாயில் அமர்ந்து தூக்கக் கலக்கத்தில் தன் பெயரைக் கேட்கும் குழந்தையின் நிலையும் இதுவே. தேர்வு, காய்ச்சல், பயணம் என எதுவாயினும் அது பெரியவர்களின் கவலைகளோடு ஒரே வரிசையில் வைக்கப்படுகிறது. உறவுமுறைகளையும் குழந்தை இங்கேயே கற்கிறது. நேரில் கண்டிராத சித்தப்பாவின் பெயர், கோபித்துக்கொண்டு பிரிந்த அத்தையின் பெயர், வேலைசெய்யும் வீட்டாரின் பெயர் என யார் யார் நம்மவர் என்பதை அந்த வரிசையே அறிவிக்கிறது. பவுல் தீமோத்தேயுவை இரவும் பகலும் தம் வேண்டல்களில் நினைப்பதாக எழுதும் இடத்திலேயே, அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர்சொல்லிக் குறிக்கிறார். நம்பிக்கை அவ்விருவரிடமும் முதலில் இருந்தது என்பது அவர் கூற்று. கோட்பாடாகக் கற்பிக்கப்படுவதற்கு முன் அது பாட்டியின் குரலாகக் கேட்கப்பட்டிருக்கும் எனக் கருதுவது பொருந்தும்.

மோனிக்காவும் மறுக்கப்பட்ட வேண்டுதலும்

பிள்ளைக்காக வேண்டும் தாய்க்கு உலகக் கிறித்தவம் காட்டும் முன்மாதிரி வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மோனிக்கா. தமிழகத் திருச்சபைகளிலும் அன்னையர் கூட்டங்களில் மிகுதியாகச் சொல்லப்படும் வரலாறு இதுவே. 354இல் தகாஸ்தேயில் பிறந்த அகுஸ்தீனார், 387இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசிடம் திருமுழுக்குப் பெற்றார். இடைப்பட்ட ஆண்டுகளில் தாய் சிந்திய கண்ணீரும், இவ்வளவு கண்ணீருக்குரிய மகன் அழிந்துபோக மாட்டான் என ஆயர் ஒருவர் அவளைத் தேற்றியதும் நன்கறியப்பட்டவை.

அவ்வரலாறு சொல்லப்படும் முறையில் ஒரு பகுதி பெரும்பாலும் விடுபடுகிறது. அகுஸ்தீனார் தம் தன்வரலாற்று அறிக்கையின் 5ஆம் நூலில் கூறுவது இது: கார்த்தேஜிலிருந்து உரோமைக்குப் புறப்பட முடிவு செய்தபோது தாய் அவரைப் பற்றிக்கொண்டு விடவில்லை. நண்பரை வழியனுப்பச் செல்வதாகப் பொய் கூறி, துறைமுகத்தை அடுத்த புனித சிப்ரியானின் நினைவிடத்தில் இரவு தங்கச் செய்துவிட்டு அவர் கப்பலேறிவிட்டார். அன்றிரவு முழுவதும் மகன் போகாதிருக்க அவள் மன்றாடிக்கொண்டிருந்தாள். அந்த வேண்டுதல் மறுக்கப்பட்டது. அவள் எப்போதும் வேண்டிவந்த பெரியதை அருளவே, அன்று வேண்டிய சிறியதைக் கடவுள் தரவில்லை என்பது பின்னாளில் மகன் கண்ட பொருள். அவள் எதை அஞ்சினாளோ அந்தப் பயணமே அவரை மிலானுக்குக் கொண்டுசேர்த்தது.

387இல் ஓஸ்தியாவில் மோனிக்கா இறக்கும்போது, சொந்த மண்ணில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்னும் முன்னைய விருப்பத்தைக் கைவிட்டாள். உடலை எங்கும் இடலாம். ஆண்டவரின் பீடத்தண்டை தன்னை நினைத்தால் போதும் என்பது அவள் கேட்டது. 9ஆம் நூலின் முடிவில் அகுஸ்தீனார் தம் பெற்றோருக்காக வேண்டுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறார். அந்நூல் முழுவதும் ‘தாய்’ என்றே குறிக்கப்பட்ட அவளது பெயர் சொல்லப்படுவது அந்த ஓரிடத்தில் மட்டுமே. வாழ்நாளெல்லாம் மகன் பெயரைச் சொல்லி வேண்டியவளின் பெயர், மகன் வேண்டும்போதுதான் எழுத்தில் வருகிறது.

பரிவும் பிடியும்

இவ்வழக்கத்தைப் போற்றும் எழுத்துகள் அதன் மறுபக்கத்தைத் தொடுவதில்லை. பிறர் கேட்க ஒருவருக்காக வேண்டுதல் அவரைக் கண்டிக்கும் வழியாகவும் ஆகிறது. நேரடியாகச் சொன்னால் மகன் எதிர்த்துப் பேசுவான்; முழங்காலில் நின்று கடவுளிடம் சொன்னால் பேச முடியாது. ‘இவன் புத்தியைத் தெளிவாக்கும்’ என்னும் வேண்டுதலின் முகவரி விண்ணகமாயினும் அதன் சேருமிடம் அருகில் அமர்ந்திருப்பவனே. தாயின் குரலுக்கு இடம் தந்த அதே அமைதி, இளையோரின் வாயை அடைக்கவும் பயன்பட்டது. குடும்ப ஜெப நேரத்தில் வீட்டுக்கு வெளியே நிற்கப் பழகிய இளைஞர்களின் தயக்கத்தை நம்பிக்கைக் குறைவு என்று மட்டும் விளக்கிவிட முடியாது.

பொருத்தனையும் இவ்வாறே. பிள்ளை பிழைத்தால் ஊழியத்துக்குத் தருவேன் எனத் தாய் நேர்ந்துகொண்டதை வளர்ந்த பிள்ளை சுமக்கவேண்டியுள்ளது. அன்னாளின் கதையில் சாமுவேலின் விருப்பம் கேட்கப்படவில்லை என்பதைத் தமிழ்க் குடும்பங்கள் எளிதில் கடந்துவிடுகின்றன.

இவற்றினும் கடுமையானது பெயர் விடுபடுதல். வரிசையாகச் சொல்லப்படும் பெயர்களில் ஒன்று ஒரு நாள் இல்லாமற் போனால் அதை அனைவரும் உணர்வர். சாதிக்கு வெளியே மணந்துகொண்ட மகளின் பெயர் அவ்வாறு விடுபடும் வீடுகள் உண்டு. திருமுழுக்கால் ஒன்றானோம் என அறிக்கையிடும் சபைகளிலும் சாதி இவ்வளவு நுட்பமாக வேலைசெய்கிறது. யாரும் எதையும் சொல்வதில்லை. அண்ணன், அண்ணி, தம்பி என வரும் வரிசையில் ஒரு மூச்சு இடைவெளி மட்டும். பகைவருக்காகவும் வேண்டுமாறு மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது என்பதை எண்ணினால், வேண்டுதலிலிருந்து நீக்கப்பட்ட மகள் பகைவரைவிடத் தொலைவில் வைக்கப்படுகிறாள். அவ்வீட்டுக் குழந்தைகள் கற்கும் உறவுமுறையில் அவள் இல்லை. பேரப்பிள்ளை பிறந்தபின் அப்பெயர் மீண்டும் வரிசையில் சேர்வதும் உண்டு. நேரில் நிகழும் சமாதானத்துக்குப் பல மாதங்கள் முன்பே ஜெபத்தில் பெயர் திரும்புவது இவ்வழக்கத்தின் ஆற்றலுக்கு வலுவான சான்று.

இறந்தவரின் பெயர்

இறப்பு இந்த வரிசையை எவ்வாறு மாற்றுகிறது என்பதில் இரு மரபுகளும் பிரிகின்றன. இங்கிலாந்துத் திருச்சபையின் 1549ஆம் ஆண்டு ஜெபப் புத்தகத்தில் இருந்த இறந்தோருக்கான வேண்டல்கள் 1552ஆம் ஆண்டுப் பதிப்பில் நீக்கப்பட்டன. அதன் விளைவு பல கடல்கள் தாண்டித் தமிழ் வீடுகளிலும் தெரிகிறது. நேற்றுவரை தந்தையின் உடல்நலத்துக்காக வேண்டிய மகள், அடக்கம் முடிந்த மாலையில் அப்பெயரை வேண்டுதலில் சொல்வதற்கில்லை. பெயர் ‘ஸ்தோத்திரம்’ என்னும் பகுதிக்கு இடம்பெயர்கிறது. அவர் வாழ்ந்ததற்காக நன்றி சொல்லப்படுகிறது. ஆண்டுதோறும் நினைவு நாளில் வீட்டில் நடைபெறும் ஸ்தோத்திர ஜெபமும் இத்தன்மையதே. வாழ்ந்தவரை நிறைவு பெற்றவராக ஒப்புக்கொள்ளும் கண்ணியம் இதில் உண்டு. ஆனால் நாற்பதாண்டுப் பழக்கத்தில் நாக்கு அப்பெயரை நோக்கிச் சென்று திரும்பும் முதற்சில மாதங்களுக்கு இம்மரபு எந்தச் சொல்லையும் தரவில்லை.

கத்தோலிக்க வீட்டில் பெயர் தொடர்கிறது. இறந்தோருக்கான பூசைக் கருத்து, நவம்பர் 2 கல்லறைத் திருநாள், செபமாலையின் முடிவில் மறைந்த ஆன்மாக்களுக்கான செபம் என அதற்கு இடங்கள் உள்ளன. நவம்பர் 2 அன்று சீர்திருத்தத் திருச்சபையினர் பலரும் கல்லறைகளில் மெழுகுவத்தி ஏற்றுவதைக் காண்கையில், கோட்பாடு பிரித்ததைக் குடும்ப வழக்கம் பாதியாவது சேர்த்துவைத்திருப்பது புலனாகிறது.

இரு மரபுகளும் தரும் ஒழுங்கு, ஒருவர் இருக்கிறார் அல்லது இறந்தார் என்பது உறுதியாகத் தெரிந்திருப்பதை முன்கொள்கிறது. 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் குமரி மாவட்டக் கடற்கரைக் கத்தோலிக்க ஊர்களின் மீனவர் பலர் ஆழ்கடலில் சிக்கினர். பலரது உடல் கரைசேரவே இல்லை. ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள், இறப்புச் சான்றிதழை ஏற்க மறுத்து ஆண்டுக்கணக்கில் போராடி வருகின்றன. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் அவற்றுள் ஒன்று. அப்போராட்டத்தில் அமர்ந்தோரும் பெரும்பாலும் தாய்மாரே. இத்தகைய வீட்டில் மாலைச் செபமாலைக்கு முன் கருத்துச் சொல்பவர், பயணம் செய்வோர் வரிசையில் அப்பெயரைச் சொல்வதா, மறைந்தோர் வரிசையில் சொல்வதா என்பதை நாள்தோறும் தீர்மானிக்க வேண்டியுள்ளது. ஒரு வரிசையிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை மாற்றுவது, அரசு அலுவலகத்தில் சான்றிதழில் கையெழுத்திடுவதைவிட அவருக்குக் கடினமானது. செபநூல்களில் இதற்கென ஒரு பகுதி இல்லை. வேண்டுதல் ‘எங்கிருந்தாலும்’ என்னும் ஒரு சொல்லை முன்னிட்டுக்கொண்டு, அப்பெயரை வாழ்வோர் வரிசையின் கடைசியில் வைத்துத் தொடர்கிறது.